பத்தும் பதினாலும்

செபஸ்தியான் அன்று காலை வீட்டில் கடைசியாகச் செய்த காரியம், கண்ணாடி டம்ளர் ஒன்றில் தண்ணீர் பிடித்து ஜன்னல் கட்டையில் வைத்து, அதற்குள் இரண்டு ஈக்களைப் போட்டதுதான். தூண்டில் முள்ளில் பட்டு நூலும் கோழி இறகும் சுற்றி அவன் கையால் கட்டிய ஈக்கள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, டம்ளரை வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“சகாயம், இங்க வந்து இதைப் பாரேன்.”

“சங்கு ஊதிடும். மொதல்ல சட்டையைப் போடுங்க.”

“ஒரு நிமிஷம் வா.”

“சாயங்காலம் பாத்துக்கலாம். டம்ளர் எங்கயும் ஓடிடாது.”

அவன் சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்தான். பொன்மலை ஒர்க்‌ஷாப் சங்கு ஊதியபோது கேட்டுக்கு நூறு அடி இந்தப் பக்கம் இருந்திருக்கிறான். சைக்கிள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். மாரடைப்பு என்றார் டாக்டர். வயது நாற்பத்தொன்று. அது 1959ஆம் வருஷம், மாசி மாதம்.

அடக்கம் முடிந்து பொன்மலைப்பட்டி வீட்டுக்குத் திரும்பியபோது டம்ளர் எங்கும் ஓடியிருக்கவில்லை. வந்திருந்த பெண்களில் ஒருத்தி அதைக் கழுவி வைக்க எடுத்தாள். அவன் மனைவி சகாயம்மாள் அதை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். துக்கத்தில் ஏதோ செய்கிறாள் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

அந்த ஈக்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்த ரெபெய்ரோ துரை, சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர், ரிட்டயர் ஆகிக் குன்னூருக்குக் குடிபோனார். அங்கே அவரும் நாலைந்து சிநேகிதர்களும் சேர்ந்து மீன் பிடிப்பதற்கென்று ஒரு கிளப் வைத்திருந்தார்கள். அவர்கள் பிடிப்பது டிரவுட். குளிர்ந்த ஓடையில் மட்டும் பிழைக்கிற மீன். வெள்ளைக்காரர்கள் முட்டையாகக் கப்பலில் கொண்டுவந்து நீலகிரி ஓடைகளில் விட்டது. அதற்குப் புழு போடுவது மரியாதை இல்லையாம். செத்த பூச்சி தண்ணீருக்கடியில் அடித்துக்கொண்டு போவதுபோல் தெரிகிற இந்த நனையும் ஈயைத்தான் போட வேண்டுமாம். சீமையிலிருந்து சாமான் வருவது அருகிப்போனதும் துரை தம்மிடமிருந்த முள் பெட்டியையும், கட்டும்போது முள்ளைக் கவ்விப் பிடிக்கிற சின்ன வைஸையும் செபஸ்தியானிடம் ஒப்படைத்து, வித்தையையும் சொல்லிக்கொடுத்தார். மூன்று வருஷமாகக் கிளப்புக்கு ஈ போவது பொன்மலைப்பட்டியிலிருந்துதான். கட்டியவனும் சரி, கட்டியவன் பெண்டாட்டியும் சரி, டிரவுட் மீனைக் கண்ணால் கண்டதில்லை.

பெண்டாட்டியும் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இறகைத் தேர்ந்தெடுப்பது செபஸ்தியான். ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தையில் பெட்டைக் கோழிகளின் கழுத்தை நீவிப் பார்த்துவிட்டு வாங்காமல் வந்து வியாபாரிகளிடம் ஏச்சு வாங்குவது அவன். ஆனால் நூல் சுற்றுவதும் கடைசி முடிச்சும் சகாயம்மாள். உறையூரில் பிறந்தவள். கல்யாணம் ஆகிற வரைக்கும் பக்கத்து நெசவாளர் வீட்டில் தறிக்கு நூல் தார் சுற்றிய விரல்கள். இது துரைக்குத் தெரியாது. சொல்ல வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றியதில்லை.

துரை கேட்டிருந்தது பத்தாம் நம்பர் முள்ளில் பத்து டஜன். மே மாதம் கிளப்பில் வருடாந்திரப் போட்டி. செபஸ்தியான் சாவதற்குள் நாலு டஜன் முடிந்திருந்தது.

முப்பது நாள் பூசை முடிந்த மறுநாள் சகாயம்மாள் டம்ளரை எடுத்துப் புதுத் தண்ணீர் ஊற்றினாள். அவன் கூப்பிட்ட அந்த ஒரு நிமிஷம் அவளை விடவே இல்லை. என்ன பார்க்கச் சொன்னான்?

இரண்டு ஈயும் அடியில் கிடந்தன. பெரியது பத்தாம் நம்பர். உலர்ந்திருந்தபோது எத்தனை அழகாக இருந்தது. தெளிந்த தண்ணீரில் பார்த்தால் முள்ளின் வளைவு தெரிந்தது, நூல் சுற்று ஒவ்வொன்றும் தெரிந்தது, இறகு தனி, உடம்பு தனி. கல்யாண வீட்டில் யாரோ ஒருத்தர் பட்டுச் சட்டையும் கிழிந்த வேட்டியுமாக வந்து நின்ற மாதிரி. சின்னது பதினாலாம் நம்பர். நனைந்து ஒடுங்கி, இறகும் உடம்பும் ஒன்றாகி, பூச்சி என்றே சொல்லலாம்.

பிறகு அவளாகவே ஒன்று செய்தாள். அரிசி களைந்த தண்ணீரைக் கொஞ்சம் டம்ளரில் ஊற்றினாள். வெளுத்துக் கலங்கிய தண்ணீரில் பதினாலு காணாமலே போயிற்று. பத்துதான் நிழல்போல் தெரிந்தது. இப்போது அதன் முள்ளும் தெரியவில்லை, சுற்றும் தெரியவில்லை. அதுதான் பூச்சி.

அவள் துரையின் கடிதங்கள் இருந்த தகர டப்பாவைத் திறந்தாள். கான்வென்டில் எட்டாவது வரை படித்தவள்; இங்கிலீஷ் எழுத்துக்கூட்டி வரும். ஆர்டர் வந்தது தை மாதத்தில். அவன் சாவதற்கு இரண்டு நாள் முன்னால் இன்னொரு கார்டு வந்திருந்தது. கொழுந்தன் அற்புதசாமி அதைப் படித்துக்காட்டிவிட்டு, சும்மா ஊர்க்கதை எழுதியிருக்கிறார் என்று தூக்கிப் போட்டிருந்தான். மலையில் மழையே இல்லை, ஓடையில் கணுக்கால் தண்ணீர், அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம், மீன்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்கின்றன.

செபஸ்தியானுக்கு அது ஊர்க்கதையாகப் படவில்லை. அதனால்தான் டம்ளரை வைத்திருக்கிறான்.

மீதி ஆறு டஜனையும் சகாயம்மாள் பதினாலாம் நம்பர் முள்ளில் கட்டினாள்.

அற்புதசாமி உறையூர்ப் பக்கம் ஒரு சுருட்டுக் கம்பெனியில் குமாஸ்தா. கெட்டவன் இல்லை. அண்ணன் போன பிறகு அண்ணியைத் தன் வீட்டோடு கூட்டிக்கொள்வது என்று தானாகவே தீர்மானம் பண்ணி, தானாகவே துரைக்கும் எழுதிவிட்டான்: அண்ணன் காலமாகிவிட்டார், உங்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு போகலாம். விஷயத்தை ஈஸ்டர் முடிந்த வாரம், துரை வருகிற அன்று காலையில்தான் சொன்னான்.

“பெங்களூர்ல ஒரு ஆளைப் பாத்து வச்சிருக்காராம் அண்ணி. முள்ளு, வைஸ் எல்லாம் அவன்கிட்டப் போயிடும். உங்களுக்கு எதுக்கு இந்தக் கோழி மயிரு வேலை? நம்ம வீட்ல வந்து இருங்க. பிள்ளைங்களுக்கும் ஒத்தாசை, உங்களுக்கும் துணை.”

“என்னைக் கேட்டியா தம்பி?”

“கேக்கறதுக்கு என்ன இருக்கு?”

சகாயம்மாள் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். முள் பெட்டி போனால் அந்த வருமானம் போகும், இந்த வீடும் போகும். வீடு போனால் மிச்சம் வாழ்நாள் பூராவும் கொழுந்தன் வீட்டுச் சமையல்கட்டு. அங்கே யாரும் அவளை ஒரு குறையும் சொல்லமாட்டார்கள். அதை நினைத்தால்தான் பயமாக இருந்தது.

பதினொரு மணிக்கு ரெபெய்ரோ துரை வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு செபஸ்தியானின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். கையில் நீளமான துணிப்பை. தூண்டில் கோலின் பித்தளைப் பூண் விட்டுப்போயிருந்ததாம். பழைய ஷாப் ஆட்களிடம் பற்றவைத்து வாங்கி வந்திருந்தார். ராத்திரி ரயிலுக்குத் திரும்ப வேண்டும்.

“நல்ல வேலைக்காரன், சகாயம்மா. என் கையில வளந்தவன்” என்றார். ரயில்வேயில் பேசிப் பழகிய தமிழ், தடங்கல் இல்லாமல் வந்தது. பிறகு அவள் எடுத்து வைத்திருந்த இரண்டு ஈ டப்பாக்களையும் திறந்தார். முகம் மாறியது.

“இது என்னது? பதினாலு. நான் கேட்டது பத்து. ஆறு டஜன் முள்ளு பாழ். சீமை முள்ளும்மா இது. இப்ப எங்க போயி வாங்குவேன்?”

“அண்ணிக்குத் தெரியாது சார்” என்று அற்புதசாமி முந்திக்கொண்டான். “பத்தைவிடப் பதினாலு பெருசுதானே, பெரிய ஈயா இருக்கட்டும்னு நெனச்சிருப்பாங்க.”

துரை பெருமூச்சு விட்டார். “எல்லாரும் பண்ற தப்புதான். முள்ளுல நம்பர் ஏற ஏறச் சைஸ் எறங்கும், சகாயம்மா. செபஸ்தியான் சொல்லிக்கொடுக்கலையா?”

“அவங்க சொல்லிக்கொடுக்கணுமா தொர? நாப்பதாம் நம்பர் நூல் தடிப்பு, நூறாம் நம்பர் மெலிசு. ஒம்போது வயசுல உறையூர்ல கத்துக்கிட்டேன். பதினாலு சின்னதுன்னு தெரிஞ்சுதான் கட்டினேன்.”

துரை அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். “நீ கட்டினியா?”

“மூணு வருசமா கடைசி முடிச்சு என்னுதுதான். இந்த ஆறு டஜன் முழுக்க என்னுது.”

அவர் ஒன்றை எடுத்து நகத்தால் முடிச்சை நெருடினார். அசையவில்லை. கட்டு நன்றாக இருக்கிறது என்பதை மறுக்க முடியாமல், “சரி. ஆனா கட்டறது வேற, எதைக் கட்டணும்ங்கிறது வேற” என்றார். “பதினஞ்சு வருசமா பத்துல பிடிக்கிறேன்.”

“இந்த வருசம் மீன் சிரிக்குதுன்னு நீங்கதானே எழுதினீங்க?”

துரை ஈயை டப்பாவில் திரும்ப வைத்தார்.

“கோல் கையிலயே இருக்கு தொர. கொள்ளிடத்துல இப்ப உங்க ஓடை மாதிரிதான் தண்ணி. வாங்க, போட்டுப் பாப்போம். பத்துல மீன் வந்தா பெட்டியை எடுத்துக்கிட்டுப் போங்க, நானே ரயில் வரைக்கும் தூக்கியாறேன். பதினாலுல வந்தா பெட்டி இங்கயே இருக்கட்டும்.”

“கெண்டைக்கும் டிரவுட்டுக்கும் என்ன சம்பந்தம்?”

“மீனுக்கு இல்லைன்னா தண்ணிக்கு இருக்குல்ல.”

அற்புதசாமிக்கு வியர்த்துவிட்டது. “அண்ணி, நாப்பது நாள்தான் ஆச்சு. ஆத்தங்கரையில போயி நின்னா ஜனம் என்ன பேசும்?”

“நீயும் வா. பேசறதைக் கேட்டுச் சொல்லு” என்றாள்.

மூன்று பேரும் பஸ் பிடித்து ஸ்ரீரங்கத்தில் இறங்கி, வடக்கே கொள்ளிடக் கரைக்கு நடந்தபோது மணி நாலு. மணல்தான் அதிகம். நடுவில் இரண்டு இடத்தில் முழங்காலளவு தண்ணீர், பளிங்காக. ராக்கம்மாள் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தாள். பொன்மலைச் சந்தைக்கு ஆற்று மீன் கொண்டுவருகிறவள், சகாயம்மாளுக்குப் பழக்கம்.

“ஏ சகாயம், யாருடி தொர? வெயில்ல பிள்ளைப் பூச்சி புடிக்கப் போறாரா?”

“மீன் புடிக்கப் போறாரு அக்கா.”

“புழு எங்க?”

“புழு இல்லை. கோழி எறகு.”

ராக்கம்மாள் சிரித்த சிரிப்பில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் நாலு பேர் வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். மணலில் படுத்திருந்த இன்னும் ரெண்டு பேர் எழுந்து வந்தார்கள். இனிமேல் திரும்பிப் போவதென்பது நடக்காத காரியம் என்று துரைக்கும் தெரிந்துவிட்டது. கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு கோலைப் பூட்டினார்.

முதலில் பத்து. கோலை முன்னும் பின்னும் வீசி, தூண்டில் நரம்பைக் காற்றில் ஓடவிட்டு, ஈயைத் தண்ணீரில் இறக்கினார். அழகான வீச்சு, ராக்கம்மாளே ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டாள். அடியில் கெண்டைகள் கூட்டமாக நின்றிருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. ஈ அவற்றின் தலைக்குமேல் போயிற்று. ஒரு கெண்டை மேலே வந்து, பக்கத்தில் நீந்திப் பார்த்து, திரும்பிப் போய்விட்டது. பத்துத் தடவை போட்டார். ஈ நனைந்து இறங்கிய பிறகும் அதேதான்.

“பொண்ணு பாக்க வந்துட்டு, சொஜ்ஜி தின்னுட்டு, ஊருக்குப் போயி லெட்டர் போடறேன்னு சொல்ற மாப்பிள்ளை மாதிரி இருக்கு” என்றாள் ராக்கம்மாள்.

துரை பத்தைக் கழற்றிப் பதினாலைக் கட்டினார். சகாயம்மாள் முந்தானையை விரலில் முறுக்கிக்கொண்டு நின்றாள். ஈ தண்ணீரில் விழுந்தது. விழுந்து, மிதந்துகொண்டே போயிற்று. ஒரு மீனும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. இரண்டாவது தடவையும் அப்படித்தான்.

“போதும் அண்ணி. வாங்க, போகலாம்” என்றான் அற்புதசாமி மெதுவாக.

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளரில் ஈ அடியில் கிடந்தது. இங்கே மேலே மிதக்கிறது.

“தொர, அது நனையலையே. காஞ்ச எறகு, மிதக்குது. வாயில போட்டு ஊற வச்சுப் போடுங்க.”

துரை அவளைப் பார்த்தார், ஈயைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். “முதல் நாள் செபஸ்தியானுக்கு நான் சொன்ன முதல் பாடம் அது” என்றார். ஈயை நாக்கடியில் வைத்து நன்றாகச் சப்பினார். துவைக்கிறவர்களில் ஒருவன், “மீனுக்கு முன்னால தொரையே தின்னுடுவாரு போல” என்றான்.

மூன்றாவது தடவை போட்டபோது ஈ மேலே தெரியவில்லை. இறங்கியது. நரம்பு லேசாக நின்றது. பிறகு வெட்டி இழுத்தது. கோல் வளைந்தது. விரல் நீளம்கூட இல்லாத கெண்டைதான். ஆனால் அது வெயிலில் துள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது கரையில் எழுந்த சத்தத்துக்குத் துணிப் பொதிக் கழுதைகள் மிரண்டன. அடுத்தது. அதற்கடுத்தது. துரை எண்ணவில்லை, துவைக்கிறவர்கள் கூட்டமாக எண்ணினார்கள். ஏழு ஆனபோது ராக்கம்மாள் வலையைக் கீழே வைத்துவிட்டு, “சகாயம், நாளைக்கு எனக்கும் நாலு கோழி எறகு குடுடி. இந்த வலையை எவன் பொத்துவான்?” என்றாள்.

எட்டாவது மீனுக்கு வீசப்போன நேரம், மேட்டிலிருந்து எருமைகள் இறங்கின. ஏழெட்டு இருக்கும். துரை கத்தினார், துவைக்கிறவர்கள் விரட்டினார்கள். எருமைகள் யாரையும் சட்டை செய்யாமல் நடுத்தண்ணீரில் படுத்துப் புரண்டன. ஐந்து நிமிஷத்தில் தண்ணீர் காப்பி நிறமாகிவிட்டது.

துரை கோலை மடக்கப் போனார்.

“மடக்காதீங்க” என்றாள் சகாயம்மாள். “இப்பப் பத்தைப் போடுங்க.”

“இப்பவா?”

“கலங்கின தண்ணியில பதினாலு தெரியாது. பத்துதான் தெரியும். எருமைக்குக் கீழ்ப்பக்கம், ஓரமா.”

அவர் முள்ளை மாற்றினார். இந்தத் தடவை சொல்லாமலே வாயில் போட்டு ஊறவைத்தார். சேறு கலந்து போகிற ஓரத்தில் ஈயை விட்டார். இரண்டு முழம்கூடப் போயிருக்காது. கோல் வளைந்தது வளைந்தபடி நின்றது, நரம்பு சுற்றிய சக்கரம் கிறீச்சிட்டது. துரை தண்ணீரோடு கூடவே பத்தடி ஓடினார். தொப்பி விழுந்தது. அற்புதசாமி பாண்ட் நனைவதைப் பார்க்காமல் தண்ணீருக்குள் இறங்கி இரண்டு கையாலும் அதை அணைத்துத் தூக்கினான். முழங்கை நீளம் இருந்தது அந்தக் கெண்டை.

“இதுக்குத்தான் பத்துல நாலு டஜனையும் பிரிக்காம வச்சிருக்கேன்” என்றாள் சகாயம்மாள். “இப்ப பதினாலு. மலையில மழை எறங்கி ஓடை கலங்கினதும் பத்து. ரெண்டு டப்பாலயும் எழுதி ஒட்டியிருக்கேன். நீங்கதான் படிக்கலை.”

துரை மணலில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. “பெங்களூர்க்காரனுக்கு நான் என்ன எழுதறது?” என்றார்.

“அது உங்க பாடு தொர.”

பெரிய கெண்டை ராக்கம்மாளின் கூடைக்குப் போயிற்று. ரயிலேறும்போது துரை கையில் பத்து டஜன் ஈயும் தூண்டில் கோலும் மட்டுமே இருந்தன. திரும்பி வருகிற பஸ்ஸில் அற்புதசாமி நனைந்த பாண்டோடு உட்கார்ந்திருந்தான். பொன்மலையில் இறங்கும்போது, “அண்ணன் இருந்திருந்தா அந்தக் கடைசி மீனுக்கு விழுந்து விழுந்து சிரிச்சிருக்கும்” என்றான். அவள் முதல் தடவையாக அழுதது அப்போதுதான். துக்கத்தில் மட்டும் அழுததாகச் சொல்ல முடியாது.

மே மாதம் இருபதாம் தேதி வாக்கில் தந்தி வந்தது. தந்தி என்றால் சாவு என்று தெரு முழுக்கக் கூடிவிட்டது. இரண்டு பெண்கள் மூக்கைச் சிந்தவே ஆரம்பித்துவிட்டார்கள். அன்று வந்திருந்த அற்புதசாமி வாங்கிப் பிரித்தான். படித்தான். இன்னொரு தடவை படித்துவிட்டு, உரக்கத் தமிழில் சொன்னான்: “போட்டியில் முதல் இடம். மற்றவர்கள் வெறுங்கை. பதினாலு இன்னும் ஆறு டஜன் அனுப்பவும்.”

“யாரு போயிட்டாங்க?” என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கேட்டார்.

“மீனுதான் தாத்தா போச்சு” என்றாள் சகாயம்மாள்.

சகாயம்மாள் அதே வீட்டில்தான் இருந்தாள். குன்னூரிலிருந்து கார்டு வந்தால் முதலில் ஆர்டரைப் படிக்கமாட்டாள். மழையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பாள். எழுதியிராவிட்டால் கேட்டு எழுதுவாள். துரை 1965ஆம் வருஷம் காலமானார். அதற்குப் பிறகும் கிளப்பிலிருந்து கடிதம் வந்துகொண்டிருந்தது, மிசஸ் செபஸ்தியான் என்று விலாசமிட்டு. ஒவ்வொரு கட்டு அனுப்புவதற்கு முன்பும் ஜன்னல் கட்டையில் டம்ளரை வைத்து, இரண்டு ஈயைப் போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள்.

ஏன் அப்படி நம்பர் வைத்தார்கள் என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். அவளுக்குத் தெரியாது. பதினாலு இன்றைக்கும் பத்தைவிடச் சின்னதுதான்.